ஆய்வுக்கு ஒரு நோட்டு: புதிதாக வருபவர்கள் கையால் குறிப்பு எழுதத் தொடங்குவது எப்படி

ஆய்வுக்குப் பதிவு செய்து முதல் வருடத்தில் இருப்பவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே சொந்த ஊரின் வரலாற்றைத் தேடிப் படிப்பவர்கள், கல்வெட்டுப் பயிற்சிக்குப் போய்வந்து அடுத்து எங்கே கை வைப்பது என்று தெரியாமல் இருப்பவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கோவையிலும் ஈரோட்டிலும் நான் பார்க்கிற புதியவர்களில் பெரும்பாலோர் நிறையவே படிக்கிறார்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. செல்போனில் நூலகப் பக்கங்களின் படங்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கும், இறக்கி வைத்த பிடிஎஃப்கள் ஒரு பக்கம், ஜெராக்ஸ் கட்டு இன்னொரு பக்கம். ஆனால் இயல் எழுத உட்கார்ந்தால், இதை எங்கே படித்தோம், இது அந்த ஆசிரியர் சொன்னதா நாமே நினைத்ததா என்று தெரியாமல் திணறிப் போகிறார்கள்.

நோட்டுப் போடுவது அதற்காகத்தான். நூல் சொன்னது ஒரு பக்கம், நீங்கள் நினைத்தது இன்னொரு பக்கம், இரண்டுக்கும் விலாசம். பேனா, அளவு, அட்டை எல்லாம் வசதிக்காக வருகிறவை.

கையால் எதற்கு, டைப் செய்தால் ஆகாதா?

ஆகும். கையெழுத்தில் மந்திரம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வைப் பலரும் எடுத்துக் காட்டுவார்கள். மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்கள் காதில் விழுந்ததை அப்படியே டைப் செய்தார்கள், கையால் எழுதியவர்கள் கருத்தைப் புரிந்துகொண்டு பதில் சொல்ல வேண்டிய கேள்விகளில் மேலாக வந்தார்கள் என்பது அதன் முடிவு. பின்னால் மற்றவர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது வித்தியாசம் அவ்வளவு தெளிவாக வரவில்லை. அதனால் அந்த ஒரு ஆய்வைப் பிடித்துக்கொண்டு நான் பேசப் போவதில்லை. என் காரணம் எளிமையானது. கை மெதுவாகத்தான் ஓடும், எல்லாவற்றையும் எழுத முடியாது, அதனால் எதை எழுதுவது எதை விடுவது என்று ஒவ்வொரு வரிக்கும் நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவெடுப்புதான் படிப்பு. வெட்டி ஒட்டும் வசதி இருக்கும் இடத்தில் அது நடப்பதில்லை.

நோட்டு, தாள், பேனா

இதில் ரொம்ப யோசிக்க வேண்டாம். கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு, கெட்டி அட்டை, நூல் தையல் போட்ட பைண்டிங், 200 பக்கத்துக்கு அருகில், அது போதும். ஸ்பைரல் நோட்டில் தாளைச் சுலபமாகக் கிழித்துவிடலாம், அதனாலேயே ஆய்வுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். கிழிக்க முடியாத நோட்டில்தான் தவறான யோசனையும் இருந்த இடத்திலேயே இருக்கும், பின்னால் பார்த்தால் எங்கே தடம் மாறினோம் என்று தெரியும். விலையுயர்ந்த வெளிநாட்டு நோட்டுகள் வேண்டியதே இல்லை. தாளுக்கா பஞ்சம் நம் பக்கத்தில்? கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறார்கள், ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் பள்ளிபாளையத்தில் இன்னொரு பழைய ஆலை ஓடுகிறது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டேஷனரி கடையில் கிடைப்பதை வாங்குங்கள். மைப்பேனா பிடிக்கிறவராக இருந்தால் மட்டும் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதிப் பின்பக்கம் ஊறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஊறினால் தாள் கொஞ்சம் கனமான நோட்டாகக் கேளுங்கள்.

களத்துக்குப் போகும்போது பந்துமுனைப் பேனா அல்லது பென்சில். சாதாரண நீல மை தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். சுவடி, பழைய ஆவணம் வைத்திருக்கும் பல இடங்களில் பென்சிலைத்தான் உள்ளே விடுவார்கள், ஒரு எச்பி பென்சிலும் துருவியும் பையில் எப்போதும் கிடக்கட்டும்.

முதல் நாள் செய்ய வேண்டியது

எழுதத் தொடங்கும் முன் பக்க எண் போடுங்கள். முழு நோட்டுக்கும், ஒரே உட்காரலில். சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தள்ளிப்போட்டவர்கள் கடைசிவரை போடுவதே இல்லை. எழுதத் தொடங்கும் வலப்பக்கம் 1 என்று வைத்துக்கொண்டால், நோட்டைத் திறந்ததும் இடப்பக்கம் எப்போதும் இரட்டைப்படை, வலப்பக்கம் ஒற்றைப்படை. இது பின்னால் உதவும். முன்னால் நான்கு பக்கம் பொருளடக்கத்துக்கு விடுங்கள், பின்னால் பத்துப் பக்கம் சொல்லடைவுக்கு. அட்டையில் நோட்டின் எண், தொடங்கிய தேதி. இனிமேல் 1:46 என்று எங்கே எழுதினாலும் முதல் நோட்டு, 46-ஆம் பக்கம் என்று பொருள். இந்த விலாசத்தைப் புத்தக ஓரத்திலும் எழுதலாம், ஜெராக்ஸ் மேலும் எழுதலாம், கணினிக் கோப்பின் பெயரிலும் போடலாம்.

இடப்பக்கம் நூலுக்கு, வலப்பக்கம் உங்களுக்கு

முழு முறையும் இந்த ஒன்றில்தான் இருக்கிறது, அதனால் ஒரு உதாரணத்தோடு நிதானமாகச் சொல்கிறேன்.

கொடுமணலைப் பற்றிப் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யலின் வடகரையில் இருக்கிற ஊர், தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் மணிகள் செய்த இடங்களும் இரும்பு வேலை நடந்த தடயங்களும் அகழாய்வில் வெளிவந்த ஊர். சங்கப் பாட்டில் வரும் கொடுமணம் இந்த ஊர்தான் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். சரி, பாட்டைத் திறக்கிறீர்கள்.

46-ஆம் பக்கம், இடப்பக்கம். மேலே நூலின் விலாசம்: பதிற்றுப்பத்து 74, பாடியவர் அரிசில் கிழார், நீங்கள் கையில் வைத்திருக்கும் பதிப்பு, வருடம், பக்கம். உ.வே.சா. 1904-இல் வெளியிட்டதற்குப் பிறகு பல பதிப்புகள் வந்துவிட்டன, பக்க எண் ஒவ்வொன்றிலும் மாறும், அதனால் பாட்டு எண்ணும் அடி எண்ணும் கட்டாயம். அதன் கீழே வரி: "கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்". அடுத்த அடியில் பந்தர் என்ற ஊரில் கிடைக்கும் முத்தைச் சொல்கிறது என்று உங்கள் வார்த்தையில் ஒரு வரி. அப்புறம், கபிலர் பாடிய 67-ஆம் பாட்டிலும் இதே இரண்டு பெயர்களும் சேர்ந்து வருகின்றன என்று இன்னொரு வரி. இடப்பக்கத்தில் இவ்வளவுதான். உங்கள் அபிப்பிராயம் ஒரு சொல் கூட இங்கே வரக்கூடாது, 'அருமை', 'முக்கியம்' என்று கூட எழுத வேண்டாம்.

47-ஆம் பக்கம், வலப்பக்கம், தேதியோடு. கொடுமணம்தான் கொடுமணல் என்பதற்குப் பெயர் ஒற்றுமை மட்டும்தான் ஆதாரமா, அகழாய்வுப் பொருள்களும் சேர்ந்தா? அருங்கலம் என்றால் இங்கே நகையா, பாத்திரமா, பழைய உரை என்ன சொல்கிறது? கொடுமணலில் பச்சைக்கல் மணிகள் கிடைத்திருக்கின்றன, காங்கேயம் பக்கம் படியூரில் பச்சைக்கல் வெட்டியெடுத்திருக்கிறார்கள், இரண்டு ஊருக்கும் இடையே வழி எப்படி, வரைபடத்தில் பார். பந்தர் எங்கே? இரண்டு பாட்டிலும் கொடுமணமும் பந்தரும் அடுத்தடுத்து வருகின்றன என்றால் அது வியாபார வழியைக் காட்டுகிறதா, இல்லை பாட்டு மரபா?

இந்தக் கேள்விகளில் சிலவற்றுக்கு யாராவது முன்பே பதில் எழுதியிருப்பார்கள். பரவாயில்லை, இரண்டு மாதம் கழித்து அந்தப் பதிலைப் படிக்கும்போது 47-க்குத் திரும்பி வந்து வேறு நிற மையில், அன்றைய தேதி போட்டு, அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். பழைய கேள்வியை அடிக்க வேண்டாம். வலப்பக்கம் காலியாகவே நிற்கிறதா? அப்படியே இருக்கட்டும், காலிப் பக்கத்தைப் பார்த்துத் தாள் வீணாகிறதே என்று தோன்றும்தான், ஆனால் நாலைந்து வலப்பக்கம் தொடர்ந்து காலியாகக் கிடந்தால் நீங்கள் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிட்டு முந்தின நாள் எழுதியதைப் படியுங்கள்.

படிக்கும்போது எப்போது எழுதுவது

வரிக்கு வரி எழுதாதீர்கள். ஒரு பகுதியை முழுசாகப் படியுங்கள், புத்தகத்தைக் கவிழ்த்து வையுங்கள், நினைவிலிருந்து நாலைந்து வாக்கியம் எழுதுங்கள், பிறகு திறந்து சரிபாருங்கள். ஆசிரியரின் சொல்லையே எடுத்தால் மேற்கோள் குறி போட்டு ஓரத்தில் 'மே' என்று எழுதுங்கள், உங்கள் சுருக்கத்துக்கு 'சு'. பக்க எண் இல்லாத குறிப்பு குறிப்பே இல்லை, அதை நான் மாணவர்களிடம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மேற்கோள் குறி விட்டுப்போன வரி ஆறு மாதம் கழித்து உங்கள் சொந்த வரி போலத் தெரியும், அப்படியே ஆய்வேட்டுக்குள் போய்விடும், பின்னால் கருத்துத் திருட்டு என்று பெயர் வரும்.

வருடம், அளவு, ஊர்ப் பெயர், கல்வெட்டு எண் இவற்றை மட்டும் நினைவிலிருந்து எழுதவே கூடாது, பார்த்துத்தான் எழுத வேண்டும். கல்வெட்டு என்றால் அரசன் பெயர், ஆட்சியாண்டு, கோயில், கல்வெட்டு கோயிலில் எந்த இடத்தில் இருக்கிறது, கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கை எண் அல்லது அச்சான கல்வெட்டுத் தொகுதியும் எண்ணும், பதிப்பாசிரியர் சிதைந்த எழுத்துக்கு அடைப்புக்குறி போட்டிருந்தால் அந்த அடைப்புக்குறியும். அரசன் பெயரை மட்டும் எழுதிவைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொங்கிலேயே உதாரணம் உண்டு. வீரராசேந்திரன் என்று தஞ்சைச் சோழரில் ஒருவர், 11-ஆம் நூற்றாண்டு. அதே பெயரில் கொங்குச் சோழரில் ஒருவர், 13-ஆம் நூற்றாண்டு. 'வீரராசேந்திரன், ஆட்சியாண்டு 5' என்று மொட்டையாக ஒரு குறிப்பு இருந்தால் நூற்றைம்பது வருடம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய் விழுவீர்கள்.

களத்துக்கு இன்னொரு சின்ன நோட்டு

சட்டைப்பையில் அடங்குகிற நோட்டு ஒன்று தனியாக வேண்டும். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் அவசரமாகச் சிட்டையில் எழுதிக்கொண்டு, கடை சாத்தும் முன் பேரேட்டில் ஏற்றுகிறார்களே, அந்தக் கணக்குதான் இது. களத்தில் சின்ன நோட்டில் கிறுக்குங்கள், அன்று இரவே பெரிய நோட்டில் ஏற்றுங்கள். மறுநாள் என்றால் பாதி போய்விடும்.

மனிதர்களிடம் கேட்டு எழுதும்போது அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள், எழுத்துத் தமிழுக்கு மாற்ற வேண்டாம். காங்கேயம், தாராபுரம் பக்கம் கொரங்காட்டைப் பற்றி விசாரிக்கப் போகிறீர்கள், கிளுவை வேலி போட்டுக் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமரமும் விட்டு வைத்திருக்கிற மேய்ச்சல் நிலம். ஒரு பெரியவரிடம் கேட்கிறீர்கள்.

"ஏனுங்கய்யா, இந்த வேலி எத்தன வருசமிருக்குமுங்க?"

"எங்கப்பாரு காலத்துலயே இருக்குது கண்ணு."

இதை 'தந்தை காலத்திலிருந்தே' என்று மாற்றி எழுதிவிட்டால் ஒரு தலைமுறை காணாமல் போய்விடும், அப்பாரு என்றால் இங்கே அப்பாவின் அப்பா. வெளி மாவட்டத்திலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. சொன்னபடி இடப்பக்கத்தில் எழுதியிருந்தால் பின்னால் யாராவது சொல்லித் திருத்திக்கொள்ளலாம், மாற்றி எழுதியிருந்தால் திருத்த வழியே இல்லை. கூடவே தேதி, ஊர், சொன்னவரின் வயது, உடன் இருந்தவர்கள் யார். பெயரை எழுதலாமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் காட்டிய வேலியின் அமைப்பையோ கிணற்றையோ ஒரு கோட்டுப்படமாகப் போட்டு வையுங்கள், வரையத் தெரியாவிட்டாலும் சரி. செல்போனில் படம் எடுத்தாலும் வரையுங்கள், வரையும்போதுதான் படல் எந்தத் திசையில் வைத்திருக்கிறார்கள் என்பதையே கவனிப்போம்.

வழியையும் எழுதுங்கள்

வலப்பக்கத்தில் முடிவை மட்டும் எழுதாதீர்கள். இராமானுஜன் 1887-இல் ஈரோட்டில் பிறந்தவர், கணக்குப் போட்டது பெரும்பாலும் சிலேட்டில், தாள் வாங்கக் காசு இல்லாத காலம், போட்டு முடித்த விடையை மட்டும் நோட்டில் ஏற்றினார். சிலேட்டில் இருந்தது அழிந்துபோனது. அந்த நோட்டுகளில் இருந்த முடிவுகளை ஒவ்வொன்றாக நிரூபித்து அமெரிக்கக் கணிதவியலாளர் புரூஸ் பெர்ண்ட் ஐந்து தொகுதிகளாக வெளியிட்டு முடிக்க 1985-இல் தொடங்கி 1998 ஆனது. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த இராமானுஜனின் தாள்களின் மேல் நடந்த வேலை தனி. அவர் நோட்டுக்கு உலகமே வந்து வேலை செய்தது. நம் நோட்டுக்கு வேலை செய்யப் போகிறவர் நாம் ஒருவர்தான், நமக்கோ தாள் விலை ஒரு பொருட்டில்லை. அதனால் இந்த யோசனை எதைப் படித்தபோது வந்தது, எதைக் கைவிட்டோம், ஏன் கைவிட்டோம், இதையெல்லாம் இரண்டு வரி கூடுதலாக எழுதி வையுங்கள். 'கலிங்கராயன் வாய்க்கால் பற்றி அந்த ஆசிரியர் சொல்வது சரியில்லை' என்பது குறிப்பு இல்லை. எந்த ஆதாரத்தை அவர் பார்க்கவில்லை, அது 1:எத்தனையில் இருக்கிறது, அதுதான் குறிப்பு.

வாரத்தில் ஒரு நாள் புதிதாக எதுவும் படிக்காமல் அந்த வாரத்து வலப்பக்கங்களை மட்டும் திரும்பப் படிப்பதற்கு ஒதுக்குங்கள். ஞாயிறு காலை ஒரு மணி நேரம் போதும். புது நூலைவிட இது எனக்கு அதிகம் தந்திருக்கிறது.

சொல்லடைவு

நோட்டில் தேட முடியாதே என்பார்கள். பின்னால் விட்டு வைத்த பத்துப் பக்கம் அதற்குத்தான். ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் 1686-இல் ஒரு முறையை வெளியிட்டார்: தலைப்புச் சொல்லின் முதல் எழுத்தையும் அதற்கு அடுத்து வரும் முதல் உயிரையும் வைத்துக் கட்டம் போட்டு, அந்தக் கட்டத்தில் பக்க எண்ணை ஏற்றுவது. தமிழுக்கு இது தைத்துப் போட்ட மாதிரி பொருந்தும், ஏனென்றால் நம் உயிர்மெய்யில் இரண்டும் ஒரே எழுத்துக்குள் வந்துவிடுகின்றன. கொடுமணல் 'கொ' வரிசையில், காங்கேயம் 'கா' வரிசையில், பூந்துறை 'பூ' வரிசையில். உயிரெழுத்துகளுக்கு ஒரு பக்கம், க ச த ந ப ம வ ஏழுக்கும் ஒவ்வொரு பக்கம், ஞ ய இரண்டுக்கும் சேர்த்து ஒன்று, ரகர லகரத்தில் தொடங்குவதும் வடசொல்லும் பிறவும் கடைசிப் பக்கத்தில். பத்து சரியாக வரும்.

எல்லாச் சொல்லையும் ஏற்ற வேண்டாம். ஊர், ஆள், நூல், பிறகு உங்கள் கேள்வியின் மையச் சொல். பக்கம் எழுதி முடித்ததும் ஏற்றிவிடுங்கள், சேர்த்து வைத்தால் மலைத்துப் போவீர்கள். இரட்டைப்படை எண் என்றால் நூல் சொன்னது, ஒற்றைப்படை என்றால் நான் நினைத்தது என்று சொல்லடைவைப் பார்த்தாலே தெரியும், முதல் நாள் பக்க எண் போட்டதற்கு இதுதான் பலன்.

துண்டுச் சீட்டு முறையைப் பற்றியும் கேட்பார்கள். ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் ஏறத்தாழ 90,000 சீட்டுகள் வைத்திருந்தார், அவருக்கு நன்றாகவே பலித்தது. புதியவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. சீட்டு தொலையும், வரிசை கலையும், அப்புறம் சீட்டை அடுக்குவதே ஆய்வு போலத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

நோட்டிலிருந்து கட்டுரைக்கு

இயல் எழுத வேண்டிய நேரம் வந்ததும் புத்தகங்களை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள், நோட்டு மட்டும் இருக்கட்டும். முதலில் வலப்பக்கங்களை மட்டும் புரட்டி, இந்த இயலுக்கு வேண்டிய பக்க எண்களை ஒரு தனித்தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அதில் என்ன இருக்கிறது என்று நாலு வார்த்தை. இந்தத் தாளில் எண்களை முன்னே பின்னே மாற்றி, எதற்குப் பின் எது என்று ஒழுங்கு வந்தபிறகு அதே வரிசையில் கையால் முதல் வரைவு எழுதுங்கள். மேற்கோள் வரும் இடத்தில் மேற்கோளை எழுதாமல் 1:46 என்று மட்டும் போட்டுக்கொண்டு போங்கள், வேகம் குறையாது. டைப் செய்யும்போது இடப்பக்கத்தைத் திறந்து நிரப்பலாம், அடிக்குறிப்புக்கு வேண்டிய பதிப்பும் பக்கமும் அங்கேயே இருக்கும். பயன்படுத்திய குறிப்பின் மேல் பென்சிலால் சாய்வாக ஒரு கோடு போட்டு 'இயல் 3' என்று எழுதுங்கள், ஒரே மேற்கோள் இரண்டு இயலில் வந்து நிற்பது இதனால் தவிரும். இப்படி எழுதின வரைவில் நடை உங்களுடையதாக இருக்கும், ஏனென்றால் வலப்பக்கத்தில் நீங்கள் ஏற்கெனவே உங்கள் வார்த்தையில் பேசிப் பழகிவிட்டீர்கள்.

நூற்பட்டியல், நீளமான கல்வெட்டு வாசகங்கள், எண்களின் அட்டவணை, இதெல்லாம் கணினியில் இருப்பதே நல்லது, அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. மாதம் ஒருமுறை எழுதிய பக்கங்களைச் செல்போனில் படம் எடுத்து ஒரு கோப்புறையில் நோட்டு எண்ணோடு போட்டு வையுங்கள். நோட்டைத் தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்க வேண்டாம், கரையான் ஏறும். பஸ்ஸில் கொண்டுபோனால் பிளாஸ்டிக் உறைக்குள்.

நோட்டு தீர்ந்ததும் அட்டையில் முடித்த தேதியை எழுதிவிட்டு, விடை கிடைக்காத கேள்விகளை மட்டும் பழைய பக்க எண்ணோடு இரண்டாவது நோட்டின் முதல் பக்கத்துக்கு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். பத்துக்கு மேல் போனால், அடுத்து நூலகத்துக்குப் போவதற்கு முன் எந்த மூன்றை முதலில் தேடுவது என்று முடிவு செய்து அவற்றுக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.